பின்பருவ வரைகதை: கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

தொலைக்காட்சித் தொடர் முடிந்த பிறகு அதே கதையை எடுத்துச் செல்லும் காமிக்ஸுக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. கையில் இருக்கும் எடுத்துக்காட்டு, சூப்பர்மேனான கிளார்க்கின் இளமைக் கதையைச் சொல்லும் ‘ஸ்மால்வில்’. 2001 முதல் 2011 வரை 10 பருவங்கள் (சீசன்கள்) ஓடி முடிந்த தொடர். 2012இல் டி.சி. காமிக்ஸ் நிறுவனம் ‘சீசன் 11’ என்று எண்ணிட்டே காமிக்ஸாகத் தொடர்ந்தது. ‘தொடர்ச்சி வரைகதை’ அல்லது ‘நீட்சி வரைகதை’ எனலாமா?

—

வணக்கம் ஐயா.

‘தொடர்ச்சி’ இங்கே சரிப்படாது. ‘தொடர்’ ஏற்கெனவே தொலைக்காட்சித் தொடரைக் குறிக்கிறது. ‘தொடரின் தொடர்ச்சி வரைகதைத் தொடர்’ என்று எழுத நேரும்போது படிப்பவர் திணறிப்போவார். ‘நீட்சி’யைக் கணினித் தமிழ் உலாவி நீட்சிகளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கிளைக்கதை’ என்றால் துணைப் பாத்திரம் ஒருவர் தனியே பிரிந்து போகும் கதை. ‘தழுவல்’ ஏற்கெனவே வந்த கதையை வேறு வடிவில் சொல்வது. இந்தக் காமிக்ஸ் இரண்டும் அல்ல. தொடருக்கு எழுதிய பிரையன் கியூ. மில்லரே இதையும் எழுதினார். பருவ எண்ணும் அறுபடாமல் வருகிறது.

அந்த எண்தான் இதன் உயிர். ஆகவே ‘பருவம்’ சொல்லுக்குள் இருந்தே ஆகவேண்டும். என் பரிந்துரை: பின்பருவ வரைகதை. வேற்றுமை உருபு ஏற்றிப் பார்த்தேன்: பின்பருவ வரைகதையில், பின்பருவ வரைகதைகளுக்கு. எங்கும் இடறவில்லை. வேளாண்மையில் ‘பின்பருவ விதைப்பு’ உண்டு. ‘வரைகதை’ ஒட்டி வருவதால் குழப்பம் நேராது.

சொற்பட்டியலில் இன்னொன்றையும் பிரித்துக் காட்டுங்கள். ‘சீசன் 11’ முதலில் மின்வடிவில் சிறு சிறு பகுதிகளாக வந்தது. அச்சில் மூன்று பகுதி சேர்ந்து ஓர் இதழ். மின்பக்கம் கிடைமட்டமானது. அச்சில் இரண்டு மின்பக்கங்கள் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டு ஒரு பக்கம் ஆகின்றன. அதனால்தான் அச்சுப்பக்கத்தின் நடுக்கோட்டைத் தாண்டிப் பெரும்பாலும் எந்தப் படக்கட்டமும் இறங்குவதில்லை. மின்பகுதியை ‘அத்தியாயம்’ என்றும் அச்சுப் பிரதியை ‘இதழ்’ என்றும் கண்டிப்பாக வேறுபடுத்த வேண்டும். இரண்டையும் ‘இதழ்’ என்று எழுதினால் 12ஆம் அத்தியாயத்தைத் தேடுபவர் 12ஆம் இதழை எடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது 4ஆம் இதழ்.

—

ஒரு மறுப்பு. ஸ்மால்வில்லின் கடைசிப் பகுதி, கிளார்க்கின் தோழி குளோயி ஒரு சிறுவனுக்குக் காமிக்ஸ் புத்தகம் வாசித்துக் காட்டுவதில் தொடங்குகிறது. அது அந்தப் பகுதியின் முக்கியக் கதைக்கு ஏழு ஆண்டு கழித்து நடக்கும் காட்சி. கிளார்க் சட்டையைத் திறந்து மார்பின் சின்னத்தைக் காட்டும் முடிவும் அந்தக் காலத்தில்தான். பருவம் 11 நிகழ்வதோ அந்த ஏழாண்டு இடைவெளிக்குள். அப்படியானால் ‘பின்’ எப்படிப் பொருந்தும்? ‘இடைப்பருவ வரைகதை’ அல்லவா?

—

நல்ல கேள்வி. ‘பின்’ இங்கே கதைக்காலத்தைச் சுட்டவில்லை, பருவ வரிசையைச் சுட்டுகிறது. 10க்குப் பின் 11. ‘இடைப்பருவம்’ என்றால் 9க்கும் 10க்கும் நடுவே நடப்பதாகப் படும்.

ஆனால் உங்கள் மறுப்பு வேறொரு வகையைத் தெளிவாக்குகிறது. 2013இல் வந்த ‘பேட்மேன் ’66’ காமிக்ஸ், 1966–68 ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரின் உலகத்துக்குள்ளேயே புதுக்கதை சொல்கிறது. பருவ எண் கிடையாது. அதைப் பின்பருவம் என்பது தவறு. ‘உடன்பருவ வரைகதை’ எனத் தனிப்பதிவு தரலாம்.

—

ஏற்கிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்:

பின்பருவ வரைகதை (பெயர்ச்சொல்): ஒளிபரப்பு நின்ற தொலைக்காட்சித் தொடரின் கதையை, அடுத்த பருவ எண்ணிட்டுத் தொடரும் வரைகதை. ஒப்பிடுக: உடன்பருவ வரைகதை.