ஜூன் 16, சுங்கை சிப்புட்: உங்க வீட்டுக் கதை என்ன?

சிப்புட்காரி

காலையிலேயே வாட்சாப்பில் ‘வரலாற்றில் இன்று’ வந்து விழுந்தது. 1963-இல் வாலந்தினா தெரெஷ்கோவா விண்வெளிக்குப் போன முதல் பெண் ஆனார். 1890-இல் ஸ்டான் லாரல் பிறந்தார், 1950-இல் மிதுன் சக்ரவர்த்தி. எல்லாம் சரி, நம்ம ஊரைக் காணோமே! மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோபம் வருமா வராதா?

1919 ஜூன் 16, மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் பிறந்தது இங்கேதான். 1948-இல் அதே தேதி, அவருக்கு 29 நிரம்பிய அன்று, காலை எட்டரை மணி வாக்கில் எல்பில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் ஆர்தர் வாக்கர் துரையைச் சுட்டுக் கொன்றார்கள். சைக்கிளில் வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் மூன்று பேர். “தாபே துவான்” என்று சலாம் வைத்துவிட்டுத்தான் சுட்டார்களாம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும். கிறிஸ்டியனுக்கு 21 வயதுதான். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிய 1960 ஜூலை ஆனது.

புத்தகத்தில் இருப்பதை நானே படித்துக்கொள்வேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது, நீங்கள் நேரில் பார்த்தது, யாரையாவது சந்தித்தது, அதைப் போடுங்கள்.

கிராணி பேரன்

எங்கள் அம்மாச்சிக்குத் தேதியெல்லாம் தெரியாது. ‘கம்னிஸ்ட்டு காலம்’, அவ்வளவுதான். துரையைச் சுட்ட கதையைக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடும். சோற்றுக் கதையைக் கேட்டால்தான் உட்கார்ந்து பேசும்.

தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பால் வெட்டப் போகும்போது கேட்டில் ஒவ்வொருவரையும் சோதனை போடுவார்கள். சோறு வேலியைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றி, வீடு திரும்பும்வரை வயிறு காய வேண்டியதுதான். கைப்பிள்ளைக்காரிகளுக்கும் அதே சட்டம். “பசியில கத்தி பட்டைய தாண்டி மரத்துல இறங்கிரும், காயம் பண்ணிட்டேன்னு கங்காணிகிட்ட ஏச்சு வேற” என்று சொல்லும். அவசரகாலம் முடிந்து, வேலி பிரித்து, வருஷங்கள் ஆன பிறகும் அம்மாச்சி தீம்பாருக்கு (பால் வெட்டும் காட்டுக்கு)ச் சோறு கட்டிக்கொண்டு போனதே இல்லை. ஏன் என்று கேட்டால் “பழகிப் போச்சுடா”.

இன்னொன்று. நாம் பையில் வைத்திருக்கும் ஐ.சி. (அடையாள அட்டை) அந்த 1948-இல் தொடங்கியதுதான். 12 வயதுக்கு மேல் எல்லாருக்கும் படம், கட்டைவிரல் ரேகை. விரலெல்லாம் பால் பிசின் காய்ந்து கிடந்ததால் அம்மாச்சி ரேகை சரியாக விழவில்லையாம். கழுவிவிட்டு வா என்று விரட்டியிருக்கிறார்கள்.

பத்து காஜா மாப்பிள்ளை

அந்த மூன்று துரைமாரும் எங்கள் ஊர் கிறிஸ்தவக் கல்லறையில்தான் இருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் அங்கே நினைவுநாள் நடக்கும், மாலை வைப்பார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் வேடிக்கை பார்க்கப் போனேன். மெடல் குத்திக்கொண்டு ஒரு மலாய்த் தாத்தா நாற்காலியில் இருந்தார். அவசரகாலத்தில் சிறப்புக் காவலராக ஏதோ ஒரு தோட்டத்து வேலியைக் காத்தவராம். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில், “பசியாறியாச்சா?” என்றார்! லயத்துப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்ததாம். மேலே கிராணி பேரன் எழுதியதைப் படித்ததும் அவர் ஞாபகம். கேட்டில் நின்று சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வாங்கிய ஆளுக்கு, தமிழில் தெரிந்தது அந்த ஒரு கேள்வி.

சங்கத்து ஆள்

துரைமாருக்கு மாலை, சரி. எஸ்.ஏ. கணபதிக்கு யார் வைக்கிறார்கள்? அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். அந்த 1948 ஜூனிலேயே சம்மேளனத்தைத் தடை செய்தார்கள். அடுத்த வருஷம் மே 4, புடு சிறையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். கையில் துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. கொலையை நியாயப்படுத்த நான் வரவில்லை. 21 வயதுப் பையனைச் சுட்டது எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் தோட்டத்துக்காரன் பக்கத்துக் கதையைச் சொல்ல வந்தால் அதில் கணபதியும் இருக்க வேண்டும்.

ரிட்டையர்டு டீச்சர்

தம்பி சொல்வது நியாயம். சம்பந்தனையும் பிறந்தநாளோடு நிறுத்திவிடாதீர்கள். 1954-இல் நம்ம ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையைக் கொண்டு வந்தவர் அவர். விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார்.

எங்கள் அப்பா அவரைப் பார்த்தது தோட்டத்துக் கோயில் வாசலில். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய், வீடும் போய், ஜனங்கள் நடுத்தெருவில் நின்ற நேரம். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். பத்து பத்து வெள்ளியாக (டாலராக)க் கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அம்மா நம்பவில்லை. சீட்டுக் கம்பெனி மாதிரி ஓடிவிடுவார்கள் என்று ஒரு வாரம் சண்டை. அடுத்த வருஷம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிய செய்தி வந்த பிறகுதான் அம்மா வாயை மூடினார்.

இதே தேதிக்கு நான் வகுப்பில் சொன்ன இன்னொரு சம்பவமும் உண்டு. 1976-இல் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில், பாதிப் பாடங்களை வெள்ளை ஆட்சியாளர்களின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று திணித்ததை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சனுக்கு 12 வயது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை, கேட்டதும் வகுப்பே கொதித்துப் போகும்.

லிந்தாங் ரோட்டு மருமகள்

பெரிய கதைக்கு நடுவில் சின்னதாக ஒன்று. இன்றைக்குக் குடும்பத்துக்குப் பணம் அனுப்புவோருக்கான ஐ.நா. நாளும்கூட. என் மாமனாரின் டிரங்குப் பெட்டியில் நாமக்கல்லுக்கு அனுப்பிய மணியார்டர் ரசீதுக் கட்டு இன்னும் கிடக்கிறது. அவர் பால் வெட்டிய இடத்தில் இப்போது செம்பனை, வேலை செய்வது வங்காளதேசத்துப் பையன்கள். காலையில் டவுனில் பணம் அனுப்பும் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனிடம், இன்று உங்க நாள் தம்பி, ஐ.நா.வே சொல்லியிருக்கிறது என்று மலாயில் சொன்னேன். முகம் மலர்ந்து, “டிஸ்கவுன் அடா கா, காக்கா?” (தள்ளுபடி இருக்கா அக்கா?) என்றான். கவுண்ட்டரில் எட்டிக் கேட்டுப் பார்த்தேன். கமிஷன் அதேதானாம்.