இலவச மிக்ஸியும் 15,000 ரூபாயும் வாங்கிக்கொண்டு நேர்மையாக ரிவ்யூ செய்ய முடியுமா?

தேவகோட்டைத் தம்பி:
சமையலறைச் சாமான்களைப் புழங்கிப் பார்த்து யூடியூபில் ரிவ்யூ போடுகிறேன். இதுவரை எல்லாம் கைக்காசுதான். இப்போது ஒரு மிக்ஸி கம்பெனியிலிருந்து பேசினார்கள். 9,000 ரூபாய் மிக்ஸி இலவசம், அதற்குமேல் 15,000 ரூபாய் பணம். வெளியிடும் முன்பு வீடியோவை அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம், அவ்வளவுதான். "வர்ற லட்சுமியைத் தள்ளாதே" என்கிறார் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கைக்காசு போட்டே எத்தனை நாள் ஓட்டுவது? அனுபவப்பட்டவர்கள் வருமானத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

பள்ளத்தூர்வாசி:
வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. குறையையும் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

காரைக்குடி அக்கா:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஒரு வரிக் குறை எதுவென்று கம்பெனிதான் முடிவு செய்யும். என்னிடம் ஒரு கம்பெனி இப்படித்தான் கேட்டது. ஒயர் குட்டை என்று சொல்லிக்கொள்ளலாமாம், ஜார் மூடி கசிவதைச் சொல்லக் கூடாதாம். பணத்தைவிட "முதலில் எங்களுக்குக் காட்டு" என்ற நிபந்தனைதான் ஆபத்து தம்பி.

நான் பெரும்பாலும் கிரைண்டர்தான் பார்க்கிறேன். செக்காலை ரோட்டுக் கடையில் பில் போட்டு வாங்குவேன். கம்பெனி அனுப்பும் பெட்டியில் பொறுக்கி எடுத்த பீஸ் இருக்கலாம். கடையில் கிடைப்பதுதான் பார்ப்பவர்களுக்கும் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டிவிடுவேன். டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளந்து, ஊறவைத்து, தண்ணீரை அள்ளி விடாமல் ஆட்ட வேண்டும். மாவு நைசாக வராவிட்டால் எண்ணெயில் ஊற்றியதும் பணியாரம் உப்பாமல் தட்டையாகக் கிடக்கும். வீட்டுக்கு வாங்கும் 2 லிட்டர் கிரைண்டர் பலவும் 150 வாட்தான். அட்டைப்பெட்டியில் எல்லாம் ஒன்றுபோல எழுதியிருக்கும், சட்டியில்தான் வித்தியாசம் தெரியும்.

பார்த்து முடித்ததும் விற்றுவிடுவேன். 6,000-க்கு வாங்கியது 4,000-க்குப் போனால், அந்த ரிவ்யூவின் செலவு 2,000. இதை முதலிலேயே செலவாக எழுதிவிட்டால் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இனி வருமானம். யூடியூப் விளம்பரத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அப்புறம் நீள வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் நமக்கு. எந்தக் கிரைண்டர் ஜெயித்தாலும் இந்தக் காசு மாறாது. அதனால் இதுதான் எனக்கு நிம்மதியான காசு. ஆனால் இது மட்டும் போதவில்லை.

அடுத்தது அஃபிலியேட் லிங்க், அதாவது நான் வீடியோவோடு கொடுக்கும் ஆன்லைன் கடை லிங்க் வழியாக யாராவது வாங்கினால் எனக்கு வரும் கமிஷன். மனசு நழுவுவது இங்கேதான். விலை கூடக்கூடக் கமிஷனும் கூடும். ஆன்லைனில் இல்லாத பொருளுக்கு ஒன்றுமே வராது. கோயம்புத்தூர்ச் சிறு பட்டறைகளில் செய்யும் கிரைண்டர்கள் சில நம் ஊர்க் கடைகளில் மட்டுமே கிடைக்கின்றன. பெல்ட் அறுந்தால் மாற்றவும், கல் தேய்ந்தால் கொத்தவும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவார். அதுதான் நல்லதென்றால், எனக்கு ஒரு பைசா வராவிட்டாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு நான் முதலிடம் கொடுத்ததும் அப்படி ஒன்றுக்குத்தான். எது முதல், எது கடைசி என்று எழுதிவைத்த பிறகுதான் எதற்கு லிங்க் இருக்கிறது என்றே தேடுவேன். கடைசி இடம் பிடித்ததற்கும் லிங்க் வைப்பேன். லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு என்பதை வீடியோவின் ஆரம்பத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

விளம்பரமும் வாங்குவேன், ஆனால் நான் ரிவ்யூ செய்யாத தொழிலிலிருந்து மட்டும். கண்டாங்கிச் சேலைக் கடை கொடுத்தால் சரி. மிக்ஸி, கிரைண்டர், குக்கர் கம்பெனிக்காரர்களிடம் வாங்குவதில்லை.

தேவகோட்டைத் தம்பி:
நன்றி அக்கா. பணம் வேண்டாம், மிக்ஸி மட்டும் போதும் என்று சொன்னால்? வீடியோவுக்குக் கீழே 'ஸ்பான்சர்ட்' என்று போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

கானாடுகாத்தான் கணக்கர்:
ஆகாது தம்பி. இலவசப் பொருளையும் சொல்லியே ஆக வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம், இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி எல்லாம் அதில் அடக்கம். வீடியோவுக்குள்ளேயே, பேச்சிலும் எழுத்திலும், வீடியோ எந்த மொழியோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்குத் துணைபோனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

வரியையும் பாருங்கள். 2022 ஜூலை முதல், ஒரு கம்பெனி ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். ரிவ்யூ முடித்துத் திருப்பிக் கொடுத்த பொருள் இந்தக் கணக்கில் வராது, வைத்துக்கொண்டால் வரும். 9,000 ரூபாய் மிக்ஸி அந்த வரம்புக்குள் இருந்தாலும், அது உங்கள் தொழில் வருமானம்தான். ரிவ்யூ வேலைக்குத் தனிப் பேரேடு போடுங்கள்: யார் கொடுத்தது, என்ன விலை, என்று வந்தது, என்று திரும்பிப் போனது.

காரைக்குடி அக்கா:
அண்ணன் சொன்ன பேரேட்டை நானும் வைத்திருக்கிறேன். வருடக் கடைசியில் எந்த வகையில் எவ்வளவு வந்தது என்று சேனலிலேயே படித்துக் காட்டுவேன்.

அந்தக் கம்பெனிக்கு இப்படி ஒரு மெயில் போடுங்கள் தம்பி: "பணம் வேண்டாம். பொருளைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன். வீடியோவை முன்கூட்டிக் காட்ட மாட்டேன். விலை, வாட், வாரண்டி விவரங்கள் சரியா என்று மட்டும் கேட்பேன்." ஒப்புக்கொண்டால் செய்யுங்கள். இல்லையென்றால் அதே மிக்ஸியைக் கடையில் வாங்கிப் பாருங்கள். ஊறின உளுந்தைப் போட்டு அரைத்து, நிறுத்தியதும் மாவில் விரலை வைத்துச் சூடு பாருங்கள். மூடி கசிகிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.