நினைவகம் 'கம்பேட்டிபிளா' என்று பார்ப்பது: ஒவ்வுமை என்ற சொல்லை முன்வைக்கிறேன்

வணக்கமுங்க.

நாம் சேர்ந்து தமிழில் எழுதும் கணினிக் கையேட்டில், ராம் (கணினியின் நினைவகம்) கூட்டுவது பற்றிய அத்தியாயம் 'கம்பேட்டிபிலிட்டி', அதாவது ஒரு பாகம் மற்றதோடு சேர்ந்து ஓடுமா என்பது, என்ற ஒரே சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் மூன்று வாரமாக நிற்கிறது. பொருத்தம், இணக்கம், ஒத்திசைவு என இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நாலாவதாக ஒன்று சொல்கிறேன்: ஒவ்வுமை. இது எனக்குத் தோன்றியது அகராதியைப் புரட்டும்போது இல்லை, கடையில் நின்றுகொண்டிருக்கும்போது. அதனால் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோபியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிற அண்ணன் ஒருவர், ஊர் கோபிப் பக்கம், போன மாதம் சிபியுவை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். பழைய 4 ஜிபி போதவில்லை என்று, மலிவாகக் கிடைத்த 16 ஜிபி ராம் ஒன்றை வாங்கி அவரே மாட்டியிருக்கிறார். டிடிஆர்4 என்பது ராமின் தலைமுறை. மதர்போர்டும் டிடிஆர்4, ராமும் டிடிஆர்4. ராமின் விளிம்பில் உள்ள வெட்டு சரியாக உட்கார்ந்தது, கொக்கி டக்கென்று விழுந்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. "நல்லாத்தானுங்க பொருந்துச்சு, அப்புறம் ஏனுங்க ஓடல?" என்று கேட்டார்.

ராமைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பிசி4-2400டி என்பதற்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தது. சாதாரண மேசைக்கணினி ராம் என்றால் அந்த இடத்தில் யு இருக்கும். நடுவில், மற்ற சில்லுகளோடு ஒட்டாமல், வடிவம் மாறிய சின்னச் சில்லு ஒன்று. அது சர்வர் ராம், சர்வர் எனப்படும் பெரிய கணினிகளுக்கானது. புரொசசர் அனுப்பும் முகவரியையும் கட்டளையையும் அந்த நடுச்சில்லு வாங்கித்தான் மற்றவற்றுக்குக் கொடுக்கும். நம் வீட்டிலும் மண்டியிலும் இருக்கிற கணினியின் மெமரி கன்ட்ரோலருக்கு (ராமோடு பேசும் பகுதி) இப்படி நடுவில் ஓர் ஆள் இருந்தால் வேலை ஓடாது. ஆனால் டிடிஆர்4-ல் இரண்டு வகைக்கும் 288 பின் (தொடுமுனை), வெட்டும் ஒரே இடம். ராம் மாட்டும் ஸ்லாட் எப்படித் தடுக்கும்?

அவர் சொன்னதைக் கவனியுங்கள். பொருந்தியது, ஓடவில்லை. 'பொருத்தம்' என்ற சொல்லை நாம் இங்கே வைத்தால் கையேட்டைப் படிக்கிறவரும் இதே இடத்தில்தான் ஏமாறுவார். டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288. டிடிஆர்5-க்கும் 288தான், ஆனால் வெட்டு தள்ளியிருக்கிறது, அதனால் டிடிஆர்4 ஸ்லாட்டில் இறங்காது. மடிக்கணினி ராம் நீளமே குறைவு. இதெல்லாம் கையால் தெரிகிற சங்கதி, இதற்குப் பொருத்தம் என்ற சொல்லை விட்டுவைப்போம். உள்ளே போனபிறகு போர்டு ஏற்றுக்கொள்கிறதா என்பது வேறு. அதற்குத்தான் இப்போது சொல் தேவை.

எங்கள் பக்கத்து வாடிக்கையாளர்கள் எப்படிக் கேட்கிறார்கள்? "இந்த ராம் நம்ம சிஸ்டத்துக்கு ஒத்துக்குமுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். கத்திரிக்காய் உடம்புக்கு ஒத்துக்காது, புது ஊர்த் தண்ணி ஒத்துக்கல என்று சொல்கிறோமே, அதே சொல். கத்திரிக்காய் வாய்க்குள் போகத்தான் செய்கிறது, அப்புறம்தான் உடம்பு தடிக்கிறது. ஸ்லாட்டுக்குள் போய்விட்டு ஓடாத ராமுக்கு இதைவிடச் சரியான பேச்சு கிடைக்காது. இந்த 'ஒத்துக்கிறது'க்கு எழுத்துத் தமிழில் ஒரு பங்காளி உண்டு, ஒவ்வுதல். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒவ்வாமை என்பதை மருத்துவர் சீட்டிலிருந்து செய்தித்தாள் வரை எல்லோரும் படிக்கிறோம். எதிர்ச்சொல் ஊரெல்லாம் புழங்குகிறது, நேர்ச்சொல்லை மட்டும் எடுக்காமல் வைத்திருக்கிறோம்.

இணக்கம் என்று எழுதிய ஐயாவுக்கு ஒரு வார்த்தை. விதிக்கு உட்பட்டு நடப்பதையும் இப்போது இணக்கம் என்றே எழுதுகிறார்கள். ஒரு ராம், ராமுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான ஜெடெக்கின் தரத்துக்கு முழுக்க இணங்கியிருக்கும், ஆனாலும் உங்கள் போர்டில் ஓடாது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் அந்த வாக்கியத்தையே எழுத முடியாது. ஒத்திசைவு எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் டிடிஆர் வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயரான எஸ்டிராம் என்பதில் முதலில் நிற்கிற எஸ், கடிகாரத் துடிப்போடு சேர்ந்து இயங்குவதைக் குறிக்கிறது. ஒத்திசைவு அங்கே வேண்டும். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே திண்டாடுவோம்.

சொல்லை வாக்கியத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். "வாங்கும் முன் ஒவ்வுமை பாருங்கள்." சரியாக இருக்கிறது. "போர்டின் கையேட்டில் உச்ச அளவு 16 ஜிபி என்றிருந்தால் 32 ஜிபி ஒவ்வாது." இதுவும் சரி. போர்டு நிறுவனம் தானே சோதித்து வெளியிடும் ராம் பட்டியலை 'ஒவ்வுமைப் பட்டியல்' என்று சொல்லிவிடலாம். "டிடிஆர்3-லேயே ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று விற்கிற ராம் இன்டெல் போர்டுக்கு ஒவ்வாது." இந்தக் கடைசி வாக்கியத்தை 'பொருந்தாது' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பொய்யாகிவிடும், ஏனென்றால் அது அழகாகப் பொருந்தும்.

ஒரு இடத்தில் மட்டும் தயங்கினேன். ஏற்கெனவே இருக்கிற 2666 ராமோடு புதிதாக 3200 போட்டால், இரண்டும் 2666 வேகத்தில்தான் ஓடும். காங்கேயம் காளையோடு வேகம் குறைந்த மாட்டைப் பூட்டினால் வண்டி எந்த நடை போகும்? அந்த நடைதான். இதை ஒவ்வாமை என்பதா? இல்லை, கணினி நன்றாகவே ஓடுகிறது. அதனால் "ஒவ்வும், வேகம் குறையும்" என்று நேராக எழுதிவிட்டேன்.

இந்தச் சொல்லில் ஒரு குறையும் இருக்கிறது. ஒவ்வுமை, ஒவ்வாமை இரண்டும் ஓரெழுத்து வித்தியாசம். திரையில் சின்ன எழுத்தில் மாற்றிப் படித்தால் பொருள் தலைகீழ். அதனால் எதிர்மறைக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், எப்போதும் 'ஒவ்வாது' என்று வினையாகவே எழுதுவோம். ஒவ்வாமை மருத்துவத்துக்கே இருக்கட்டும்.

அத்தியாயத்தில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். புது ராம் தேடும் முன் பழையதைப் படிக்க வேண்டும். லினக்சில் டிஎம்ஐடிகோட், விண்டோசில் சிபியு-இசட் என்ற மென்பொருள்கள் இரண்டும் வகை, வேகம், எத்தனை ஸ்லாட் காலி என்பதைக் காட்டும். ராமிலேயே ஒரு பொடிச் சில்லில் இந்த விவரம் எழுதியிருக்கிறது, போர்டு அதைத்தான் படிக்கிறது. மாட்டியபிறகு ஒரு இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓட விடுவது நல்லது. திரை வந்துவிட்டால் ஒவ்வியது என்று நினைத்துவிடக் கூடாது, பாதி மஞ்சள் கணக்கு ஏற்றும்போது நின்ற கணினிகளையும் பார்த்திருக்கிறேன்.

மண்டி அண்ணனுக்கு யு எழுத்துள்ள 8 ஜிபி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய 16 ஜிபியை விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அதைப் படம் எடுத்து, சீட்டில் உள்ள ஆர் எழுத்தை வட்டமிட்டு அத்தியாயத்தில் வைக்கலாமா?

ஆர் எழுத்துள்ள அந்த வகை ராமுக்கு (ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்டு') தமிழ்ப் பெயர் இன்னும் பாக்கி. 'பதிவேட்டு நினைவகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சில்லு எதையும் பதிந்து வைப்பதில்லை, வாங்கி, துடிப்பு பார்த்துக் கடத்துகிறது. 'இடையக நினைவகம்' என்றால் பஃபர் என்ற வேறு பொருள் வந்துவிடும். நல்ல சொல் கிடைக்கும்வரை 'சர்வர் ராம்' என்றே விடுகிறேன். யாருக்காவது தோன்றினால் எழுதுங்க.