என்டர் தி கன்ஜியன்: எல்லாச் சாதனைகளும் முடிந்தன, 'லெட் காட்' மட்டும் கைகூடவில்லை

கரிசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டாட்ஜ் ரோல் குழுவினர் உருவாக்கி 2016 ஏப்ரலில் வெளிவந்த 'என்டர் தி கன்ஜியன்' விளையாட்டைக் கணினியில் ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடி வழியாக மூன்று ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அறை அறையாகப் புகுந்து, தோட்டாவுக்குக் கைகால் முளைத்தது போன்ற அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் இந்த விளையாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சாதனைகள் இருக்கின்றன என்பது இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். மரீன், ஹன்டர், பைலட், கான்விக்ட் ஆகிய நான்கு பாத்திரங்களின் 'கடந்த காலத்தையும்' கொன்றாகிவிட்டது; அதன் பிறகு திறக்கும் ஆறாம் தளமான புல்லட் ஹெல்லில் லிச் என்னும் அரக்கன் எடுக்கும் மூன்று உருவங்களையும் வீழ்த்தியாகிவிட்டது; ஒரே நேரத்தில் பெருந்தொகையைக் கையில் வைத்திருக்கச் சொல்லும் 'பிக்கஸ்ட் வாலட்', பல துணைப் பிராணிகளை உடன் வைத்திருக்கச் சொல்லும் 'பீஸ்ட்மாஸ்டர்' போன்றவையும் தாமாகவே வந்து சேர்ந்தன. பட்டியலில் சாம்பல் நிறத்தில் மிச்சமிருப்பது 'லெட் காட்' ஒன்று மட்டுமே.

இதை அறியாதவர்களுக்காக ஒரு வரி: ஒரு தளத்தின் பாஸை, அதாவது அதன் தலைமை அரக்கனை, ஒரு அடி கூட வாங்காமல் வீழ்த்தினால் 'மாஸ்டர் ரவுண்ட்' என்னும் தோட்டா பரிசாக விழும், அதை எடுத்தால் உயிரளவைக் காட்டும் இதயங்களில் ஒன்று கூடும், ஐந்து தளங்களின் ஐந்து மாஸ்டர் ரவுண்டுகளையும் ஒரே ஓட்டத்தில், அதாவது தொடக்கத்திலிருந்து ஆடும் ஒரே முயற்சியில், சேர்த்தால்தான் இந்தச் சாதனை. நான் இதுவரை எட்டியது மூன்று.

தொடக்கத்திலேயே ஒரு கவசம் இருப்பதால் மரீனையே எடுக்கிறேன். கவசத்தின் மேல் படும் அடி அடியாகக் கணக்கில் வராது என்று எங்கோ படித்த நினைவு. தோட்டா வருவதைக் கண்டதும் உருண்டுவிடுகிறேன், ஆனாலும் உருண்டு எழும் இடத்தில் இன்னொரு தோட்டா எனக்காகவே காத்திருக்கிறது. தளங்களுக்கு நடுவில் சேமித்துவிட்டு வெளியேறலாம் என்றாலும், திரும்ப ஏற்றியவுடன் அந்தச் சேமிப்பு அழிந்துவிடுவதால் தோற்ற பாஸை மறுபடி முயலவும் வழியில்லை. எந்தப் பாத்திரம், எந்த ஆயுதம், எந்த அணுகுமுறை என்று அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


மேகலை எழுதியது:

வணக்கம் கரிசல். முதலில் ஒரு தவறான தகவலைக் களைந்துவிடுகிறேன். கவசத்தில் பட்ட அடியும் அடிதான். இதயம் குறையவில்லை என்பதால் மாஸ்டர் ரவுண்ட் விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். எனவே மரீனின் கவசம் உங்களை உயிரோடு வைத்திருக்க உதவுமே தவிர, இந்தச் சாதனைக்கு நேரடியாக எதையும் தராது. அவருடைய குறி தவறாமையும் விரைவான மறுநிரப்பலும் பயன்படும் என்பது வேறு விஷயம்.

உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. 'தோட்டா வருவதைக் கண்டதும் உருண்டுவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உருளலின் முதல் பாதியில், அதாவது கால் தரையில் படாத நேரத்தில் மட்டும்தான் தோட்டாக்கள் உங்களைத் தொடாது. தரையிறங்கி எழும் பின்பாதியில் நீங்கள் சாதாரணமாக நிற்பவரைப் போலவே அடிபடக்கூடியவர், அதிலும் திசையை மாற்ற முடியாதவர், சுடவும் முடியாதவர். ஆகவே ஒவ்வோர் உருளலும் சிறிது நேரம் நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்வதற்குச் சமம். தோட்டாவிடமிருந்து விலகி உருண்டால் அது பின்னாலேயே வந்து, நீங்கள் எழும் அந்தப் பின்பாதியில் சரியாகப் பிடித்துக்கொள்ளும். உருளத்தான் வேண்டுமென்றால் தோட்டா வரிசையை நோக்கி, அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும்படி உருளுங்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது, கூடுமானவரை உருளவே வேண்டாம் என்பதுதான். நடந்தே தப்பிக்கலாம். முதல் தளத்தின் புல்லட் கிங்கை எடுத்துக்கொள்வோம். அரியணையில் அமர்ந்தபடி எல்லாத் திசைகளிலும் வட்டமாகத் தோட்டாக்களை விசிறுவதே அவருடைய தொழில். அவருக்கு அருகில் நின்று பார்த்தால் அந்த வட்டம் ஒரு சுவர் போல இருக்கும், ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆள் நுழைய இடமே தெரியாது. அதே வட்டம் அறையின் ஓரத்துக்கு வரும்போது விரிந்து விரிந்து, இரண்டு தோட்டாக்களுக்கு நடுவில் ஒருவர் தாராளமாக நடந்து போகும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். எண்ணிக்கை கூடவில்லை, சுற்றளவு மட்டும் கூடியிருக்கிறது. நான் அறையின் கீழ்ச்சுவருக்கு ஓரடி முன்னால் நின்றுகொண்டு, வட்டம் நெருங்கும்போது விசையை ஒரே ஒருமுறை தட்டி அரை அடி இடப்பக்கம் நகர்வேன். இரு தோட்டாக்களும் தோளின் இருபுறமும் உரசினாற்போலக் கடந்து போகும். பாத்திரத்தின் உருவத்தைவிட அடிபடும் பரப்பு சிறியது என்பதால், பார்வைக்கு உரசியது போல இருந்தாலும் அடி விழுவதில்லை. இந்த ஒன்றை நம்பப் பழகிக்கொள்வதற்கே எனக்குப் பல வாரங்கள் ஆயின, ஏனென்றால் கண் 'பட்டுவிட்டது' என்று சொல்லும்போது கை தானாக உருளும் பொத்தானைத் தேடுகிறது.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். சில நாட்கள் சாதனையை மறந்துவிட்டு, முதல் தளத்தின் பாஸ் சண்டையில் ஒருமுறை கூட உருளாமல் விளையாடிப் பாருங்கள். நிறைய அடி வாங்குவீர்கள், கவலை வேண்டாம். பாஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் பாத்திரத்தையும் அதைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தையும் பார்க்கக் கண் தானாகவே கற்றுக்கொள்ளும். புல்லட் கிங்குக்குப் பதிலாகக் கேட்லிங் கல் என்னும் பாஸ் வந்தால் அறையிலுள்ள தூண்களுக்குப் பின்னால் நின்றே பாதிச் சண்டையை முடிக்கலாம். இரட்டையரான டிரிகர் ட்வின்ஸ் வந்தால் ஒருவரை மட்டும் சுட்டுத் தீர்க்காதீர்கள். ஒருவர் விழுந்ததும் மற்றவர் வெறிகொள்வார் என்பதால், இருவரையும் ஏறத்தாழச் சமமாகக் காயப்படுத்தி, அடுத்தடுத்து வீழ்த்துவதே நல்லது.


பனங்காட்டான் எழுதியது:

மேகலை சொன்னதை முழுவதும் ஏற்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. நடை முக்கியம்தான், ஆனால் ஐந்து பாஸ்களையும் வெறும் நடையால் மட்டும் கடப்பது தேர்ந்த கைகளுக்கே ஆகும். நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்களுக்கு, எதை எங்கே செலவழிப்பது என்ற கணக்கே பாதி வெற்றி.

முதலாவது பிளாங்க். ஒவ்வொரு தளத்துக்குள் நுழையும்போதும் இரண்டு பிளாங்குகள் இருக்குமாறு விளையாட்டே நிரப்பித் தருகிறது. ஒன்றை வெடித்தால் திரையிலுள்ள எதிரித் தோட்டாக்கள் அனைத்தும் மறைந்துவிடும், மாஸ்டர் ரவுண்டுக்கும் அதனால் பங்கமில்லை. சாதாரண அறைகளில் உயிருக்குப் பயந்து அவற்றைச் செலவழிப்பவர்களே அதிகம். சாதாரண அறையில் அடி வாங்குங்கள், பரவாயில்லை. அங்கே இழக்கும் அரை இதயம் எந்தக் கணக்கிலும் சேராது. பாஸ் அறையின் கதவைத் திறக்கும்போது கையில் இரண்டு பிளாங்க் இருந்தால், இரண்டு தவறுகள் முன்கூட்டியே மன்னிக்கப்பட்டுவிட்டன என்று பொருள். சிக்கிக்கொண்டோம் என்று மனம் சொல்லும் அந்த நொடியிலேயே வெடித்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பதுக்கிவைத்து, அடிபட்ட பிறகு இரண்டு பிளாங்குகளோடு நின்றவன் நான்.

இரண்டாவது ஆயுதம். பலம் மிகுந்த துப்பாக்கி கிடைத்தால் பாஸைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்கள் ஒரு நொடியில் வாங்கக்கூடிய சேதத்துக்கு விளையாட்டில் மறைவான உச்சவரம்பு ஒன்று உண்டு. அதற்கு மேல் எவ்வளவு சுட்டாலும் வீண். ஆகவே எந்தச் சண்டைக்கும் குறைந்தபட்சக் கால அளவு ஒன்று இருந்தே தீரும், அந்த நேரம் முழுவதும் நீங்கள் தப்பித்தாக வேண்டும். அதற்காக மோசமான துப்பாக்கியோடு போகலாம் என்று பொருளல்ல. தொடக்கத் துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு சண்டையை இழுத்துக்கொண்டே போனால், தவறு செய்யும் வாய்ப்புகளும் கூடிக்கொண்டே போகும். இந்தக் காரணத்தால்தான் நான் ஹன்டரைப் பரிந்துரைக்கிறேன். அவருடைய குறுக்குவில்லின் ஒரே அம்பு முதல் தளத்தில் பெரிய வேலை செய்யும். அதை அறைகளில் வீணாக்காமல் துருப்பிடித்த கைத்துப்பாக்கியால் அறைகளைத் துப்புரவாக்கிவிட்டு, வில்லைப் பாஸுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். உடன் வரும் நாய் அறை முடிந்தபின் அவ்வப்போது எதையாவது தோண்டி எடுத்துத் தருவதும் ஒரு ஆதாயம்.

தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் தளத்தில் வரக்கூடிய பாஸ்களில், பெஹோல்ஸ்டரின் ஒளிக்கற்றை சுழலும் திசையிலேயே நீங்களும் சுற்றி நடங்கள். கோர்கன் அலறும்போது பரவும் வளையத்தை மட்டும் உருண்டு கடக்க வேண்டும். அம்மோகோண்டா அறையில் முளைக்கும் சிறு பீரங்கிகளை விழுங்கித் தேறுவதால், அவற்றை முதலில் உடைக்க வேண்டும். மூன்றாம் தளம் எனக்கு எப்போதும் சுலபம், ஏன் என்று தெரியவில்லை. நான்காம் தளத்தின் வால்மாங்கர்தான் என் ஓட்டங்களில் பெரும்பாலானவற்றை விழுங்கியது: சுவரே அரக்கனாகி உங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும், மேகலை சொன்ன அந்தத் தூரம் என்னும் வசதி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வரும். பிளாங்க் இரண்டையும் அங்கே தயங்காமல் செலவழியுங்கள்.

சாபம் கூட்டும் பொருட்களை இந்த ஓட்டத்தில் எடுக்காதீர்கள். சாபம் ஏறினால் கருஞ்சிவப்பாக ஒளிரும் 'ஜாம்ட்' அரக்கர்கள் முழு இதயமாக அடிப்பார்கள். சாபத்தின் அளவு பத்தை எட்டினால் யாராலும் கொல்ல முடியாத லார்ட் ஆஃப் தி ஜாம்ட் கூடவே துரத்தத் தொடங்குவார். மாஸ்டர் ரவுண்ட் விழுந்ததும் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விட்டுச் சென்ற பொருளை எலி தூக்கிக்கொண்டு போய்விட்டு, சீட்டு எழுதி வைத்துப் பரிகசிக்கும் விளையாட்டு இது.


நெய்தல் எழுதியது:

மேலே இருவரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். கரிசல், நீங்கள் எந்தத் திரையில் விளையாடுகிறீர்கள்? நான் கணினியை வரவேற்பறைத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பல மாதங்கள் இதே சாதனையோடு மல்லுக்கட்டினேன். உருளும் பொத்தானை அழுத்தியும் அடிபட்டதென்று ஒவ்வொரு முறையும் விளையாட்டைத்தான் திட்டினேன். ஒருநாள் என் தங்கை அருகில் அமர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நீ பொத்தானை அழுத்தும் சத்தம் முதலில் கேட்கிறது, அவன் பிறகுதான் உருளுகிறான்" என்றாள். தொலைக்காட்சி படத்தை மெருகேற்றுவதற்காக எடுத்துக்கொண்ட தாமதம் அது. அமைப்புகளுக்குள் சென்று 'கேம் மோட்' என்பதைப் போட்டதும் வேறு விளையாட்டை விளையாடுவது போல இருந்தது. மூன்றாம் தளத்துக்கு மேல் தோட்டாக்களின் அடர்த்தி கூடும்போதுதான் இந்தத் தாமதம் உண்மையில் காலை வாருகிறது.


கரிசல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் தாமதமானதற்குப் பொறுத்தருள்க. எழுதுவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

நெய்தல், என்னுடையது மேசைத் திரைதான், அதில் குறையில்லை. கவசத்தைப் பற்றி மேகலை சொன்ன பிறகு மரீனை விட்டு ஹன்டருக்கு மாறினேன். முதல் தளத்தில் அடிபட்டால் இடைநிறுத்தப் பட்டியலில் உள்ள விரைவு மறுதொடக்கத்தை உடனே அழுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். உருளாமல் விளையாடும் பயிற்சி முதல் மூன்று நாட்கள் அவமானமாகவே இருந்தது. புல்லட் கிங்கிடம் இவ்வளவு அடி வாங்கியது விளையாட்டை வாங்கிய புதிதில்கூட இல்லை. நான்காம் நாள் அந்த இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.

நேற்று இரவு நான்கு மாஸ்டர் ரவுண்டுகளோடு ஐந்தாம் தளமான ஃபோர்ஜுக்குள் போனேன். நான்காம் தளத்தில் வந்தது வால்மாங்கர்தான். பனங்காட்டான் சொன்னபடி இரண்டு பிளாங்குகளும் அங்கேயே தீர்ந்தன. அதன் பாஸான ஹை டிராகனின் முதல் கட்டத்தை ஓர் அடியும் இல்லாமல் முடித்தேன். எறியும் கத்திகளைச் சுட்டு உடைத்தேன், தீப்பொழிவைக் கடந்தேன், வீழ்ந்தது. கையை மேசையிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அது எலும்புத் தலையும் வெளித்தெரியும் இதயமுமாக எழுந்து இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியபோது என் வலக்கை சுட்டியின் மேல் இல்லை. நூறு முறை பார்த்த காட்சி, அது எழும் என்று தெரியாதவன் அல்ல. முதல் அலையிலேயே அடிபட்டது.

ஒரே ஒரு சந்தேகம்: இரண்டாம் கட்டத்தில் இதயத்துக்கு நேர் எதிரே நின்று விரைவாக முடிப்பது நல்லதா, அல்லது ஓரமாக ஒதுங்கி நின்று வாய்ப்புக் கிடைக்கும்போது மட்டும் சுடுவது நல்லதா?


மேகலை எழுதியது:

நான்கு வரை வந்துவிட்டீர்கள் என்றால் கை பழகிவிட்டது. எதிரே நிற்காதீர்கள். அறையின் கீழ்ப்பகுதியில் நடுவிலிருந்து சற்று விலகி நின்று, தோட்டாக்கள் விரிந்து வரும் இடத்தில் சிறு சிறு அடிகளாக நகருங்கள். இதயம் பெரிய இலக்கு என்பதால் சாய்வாகச் சுட்டாலும் படும். பனங்காட்டான் சொன்ன சேத உச்சவரம்பு இங்கும் உண்டு, அவசரப்படுவதால் பெரிய லாபமில்லை. ஐந்தாம் தளத்தின் இரண்டு பிளாங்குகளில் ஒன்றையாவது இந்தக் கட்டத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள், முதல் கட்டம் எவ்வளவு நெருக்கினாலும்.

வேட்டியில் கை துடைப்பதை மாஸ்டர் ரவுண்டை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.