வார்ஃபரின் எடுக்கும் அம்மாவுக்குச் சீனக் கசாயம் கொடுக்கலாமா? (மெல்பேர்ண்)

தாரணி:
அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இதயத் துடிப்பு சீரில்லாததால், ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறா. ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு, ஏறினால் ரத்தம் கசியும் ஆபத்து) 2–3க்குள் நிற்கிறது. இங்கே ஒரு இயற்கை வைத்திய கிளினிக்கில் கிழமைக்கு ஒருதரம் அக்குபங்சர் ஊசி, அதோடு 'து ஹுவோ ஜி ஷெங் தாங்' கசாயச் சரக்கு 7 பொட்டலம் தந்திருக்கிறார்கள். இன்னும் காய்ச்சவில்லை. எப்படிக் காய்ச்சுவது? குடிக்கலாமா?

சரக்குப்பெட்டி:
தங்கச்சி, இப்போதைக்குக் காய்ச்ச வேண்டாம். அது 15 சரக்குக் கசாயம். அதிலுள்ள தாங் குய் என்ற சீன வேர் வார்ஃபரினின் வேலையைக் கூட்டி ஐஎன்ஆரை ஏற்றக்கூடியது. ஜின்செங் என்ற வேர் அதே வேலையைக் குறைக்கக்கூடியது. இரண்டும் ஒரே பானையில் கிடந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. நம் அதிமதுரத்தின் சீன இனமும் உண்டு. நாள்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். நீர் போகும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு அது இன்னும் மோசம்.

சரக்குப் பட்டியலைச் சீனப் பெயர், தாவரப் பெயர், கிராம் அளவோடு எழுத்தில் கேளுங்கள். தான் ஷென் என்ற இன்னொரு சீன வேரைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அதுவும் ஐஎன்ஆரை ஏற்றும். பட்டியல் வார்ஃபரின் எழுதும் டொக்டரின் கைக்குப் போகட்டும். கசாயத்துக்காக வார்ஃபரினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஊசிமுனை:
ஊசி வேறு விஷயம். ஐஎன்ஆர் எல்லைக்குள் இருந்தால் 0.20–0.25 மிமீ மெல்லிய ஊசி பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் வார்ஃபரின் என்று சொல்லுங்கள். ஸூ சான் லி என்ற ஊசிப் புள்ளி நல்ல இடம்: முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நாலு விரல் இறங்கி, முன்கால் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அங்கே தசைதான். சில்லின் கீழே இருபுறமும் உள்ள குழிகளில் ஆழமாகப் போட விடாதீர்கள். ஊசி மூட்டுக்குள் போய் ரத்தம் கசிந்தால் முழங்கால் வீங்கிவிடும். தோலைக் கீறிக் கிண்ணத்தால் உறிஞ்சி ரத்தம் எடுக்கும் கப்பிங்கும் வேண்டாம். ஊசியைக் கழற்றியதும் பஞ்சை 2 நிமிடம் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. வெறும் வயிற்றோடு கூட்டிப்போனால் மயக்கம் வரலாம்.

கசாயப்பானை:
சீன வைத்தியர்களுக்கு 2012 ஜூலை முதல் ஆஸ்திரேலியா முழுவதும் பதிவு கட்டாயம். ஆப்ரா (மருத்துவத் தொழிலாளரைப் பதியும் அரச அமைப்பு) இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடி, எந்தப் பிரிவு என்று பாருங்கள்: அக்குபங்சர், மூலிகை மருத்துவம், மூலிகை விநியோகம் என மூன்று. ஊசிக்கு மட்டும் பதிந்தவர் கசாயம் எழுதினால் அவர் பிரிவைத் தாண்டுகிறார்.

டொக்டர் சம்மதித்தால் மட்டும் இப்படி: மண்சட்டி அல்லது எவர்சில்வர், இரும்பும் அலுமினியமும் சரக்கின் துவர்ப்போடு வினைபுரியும். பச்சைத்தண்ணீரில் அரைமணி நேரம் ஊறட்டும், சரக்குக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர். கொதித்ததும் சிறுதீயில் 30 நிமிடம், வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி 20 நிமிடம். இரண்டு வடிநீரையும் கலந்து காலை பாதி, மாலை பாதி. கறுவாப்பட்டையைக் கடைசி 5 நிமிடத்தில் போடுங்கள், முதலிலேயே போட்டால் அதன் எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

தாரணி:
நன்றி. பொட்டலத்துக்குப் பதிலாகப் பொடியாகத் தரலாம் என்கிறார்கள். அது பரவாயில்லையா?

சரக்குப்பெட்டி:
இல்லை. அதே சரக்கைக் காய்ச்சி வற்றவைத்துப் பொடியாக்கியது அது. தாங் குய் அப்படியே இருக்கும்.