சூடானதும் நின்றுவிடும் பழைய மோட்டார் சைக்கிள்: எங்கிருந்து தேடுவது?

கேள்வி கேட்டவர்:
வணக்கம். 1970களில் வந்த ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறேன். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டி. 12 வோல்ட் பேட்டரி, பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் பிளக்கில் பொறி வரவைக்கும் பழைய முறை), முன்னும் பின்னும் டிரம் பிரேக். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

ஆயில், பிளக், பெட்ரோல் குழாய் எல்லாம் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. குளிர்ந்திருக்கும்போது உடனே பிடித்துக்கொள்கிறது, சத்தமும் சீராக இருக்கிறது. சற்று தூரம் போனதும் இருமி இருமி நின்றுவிடுகிறது. அதன்பின் எவ்வளவு உதைத்தாலும் அசைவதில்லை. நன்றாக ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. புதிய கார்புரேட்டரே வாங்கிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், பொறுங்கள். முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதிலுள்ள காற்றுத் துளை துருவால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டியும் உடனே கிளம்பினால் குற்றவாளி அதுதான். கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, பெட்ரோல் தடையின்றி விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சூடான என்ஜின் மேல் சிந்தாதபடி ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூடியைத் திறந்தே ஓட விட்டேன். மாற்றமில்லை. பெட்ரோலும் தாராளமாக விழுகிறது.

பதில் 2:
அப்படியானால் மின்சாரப் பக்கம் வாருங்கள். நின்ற அந்த நிமிடமே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பெட்ரோலை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியிலேயே மாட்டி, உடல் சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறி அதன் அருகே விழக்கூடாது. நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ என் சந்தேகம் கண்டென்சர் (பாயிண்டோடு இணைந்த சிறு மின்தேக்கி) மீதுதான். பாயிண்ட் திறக்கும்போது மின்னோட்டம் சட்டென்று அறுந்தால்தான் காயிலில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருளில்) உயர் மின்னழுத்தம் பிறக்கும். அதற்குத் துணை நிற்பது கண்டென்சர். பழைய கண்டென்சர் சூட்டில் தளர்ந்துவிடும். பொறி பிளக்கில் விழாமல் பாயிண்ட் முனைகளுக்கு நடுவே விழுந்து அவற்றைக் கரியாக்கும்.

பழையதன் இணைப்பைப் பிரித்துவிட்டு, நல்ல கண்டென்சர் ஒன்றை வெளியே வயர் வைத்துக் கட்டி ஓட்டிப் பாருங்கள். அதன் உடல் சேசிஸைத் தொட வேண்டும். குணமாகவில்லை என்றால் காயில். அதுவும் இல்லையென்றால் வால்வு இடைவெளி: அது குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) போய்விடும். இடைவெளியை என்ஜின் ஆறிய நிலையில், கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

பதில் 3:
எல்லோரும் வண்டியை ஓட வைப்பதிலேயே இருக்கிறீர்கள். இதைச் சாலையில் ஓட்டிப் பார்க்கிறாரே, நிறுத்துவது எப்படி? தயவுசெய்து டயரின் பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி எண்களைப் படியுங்கள். 2308 என்றிருந்தால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தைய டயர். பட்டன் (தரையில் படும் வெட்டு) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். பிறகு இரண்டு சக்கரங்களையும் கழற்றி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவைப் பாருங்கள். உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கண்டென்சர்தான்! நின்றதும் பார்த்தேன், பிளக்கில் பொறியே இல்லை. பாயிண்ட் முனைகள் கரிந்து, ஒன்றில் சின்ன மேடும் எதிரில் அதே அளவு பள்ளமுமாக இருந்தன. கண்டென்சர், பாயிண்ட் இரண்டையும் புதிதாக மாற்றி, பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) சரிசெய்துவிட்டேன். நின்ற இடத்திலேயே, எதிரே மின்விசிறி வைத்து நெடுநேரம் ஓடவிட்டேன்; இருமலே இல்லை.

சாலைக்கு இன்னும் எடுக்கவில்லை. பதில் 3 எழுதியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பின் டயரில் மூன்று இலக்கம்தான். முன் பிரேக்கைத் திறந்தால், ஒரு ஷூவின் லைனிங் பாதி நீளத்துக்கு உலோகத்தை விட்டுப் பெயர்ந்திருந்தது. விரலால் தொட்டதுமே ஆடியது. வேகத்தில் பிரேக் பிடித்திருந்தால் அது கழன்று டிரம்முக்குள் சிக்கியிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் புதிய ஷூ, இரண்டு டயர், டியூப் எல்லாம் சொல்லியாயிற்று. வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில் 3:
டிரம்மின் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். அதிகபட்ச அளவு பல வண்டிகளில் டிரம்மிலேயே பொறித்திருக்கும். புதிய ஷூ மாட்டிய பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தால், சக்கரத்தின் பக்கம் ஷூவைத் திருப்பும் நெம்புகோலுக்கும் கேபிளுக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்கு மேல் போகக்கூடாது. முன் பிரேக் கேபிளையும் மாற்றிவிடுங்கள். உறைக்குள் இழை அறுந்திருப்பது வெளியில் தெரியாது.