.22 போட்டிப் பிஸ்டல்: நம்பகத்தன்மை, பாதுகாப்பு அமைப்புகள் பற்றி வைத்திருப்பவர்களின் அனுபவம் தேவை

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரத்தில் வசிக்கிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் சில ஆண்டுகள் பயிற்சி பெற்ற பிறகு, இப்போது 25 மீட்டர் மகளிர் பிஸ்டல் பிரிவுக்கு மாற விரும்புகிறேன். உரிமம் கிடைத்துவிட்டது. வேலந்தாவளம் வழியாகக் கோவைப் பக்கம் போய், கிளப்புக்குச் சொந்தமான .22 பிஸ்டலில்தான் இதுவரை சுட்டு வருகிறேன். அது ஐந்து குண்டுகள் கொண்ட தொடருக்கு ஒரு முறையாவது நின்றுவிடுகிறது. சில நேரம் தோட்டா வெடிப்பதில்லை. சில நேரம் காலிக் கூடு வெளியே விழாமல் போல்ட்டின் (தோட்டாவின் பின்னால் முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதி) வாயில் செங்குத்தாக மாட்டிக்கொள்கிறது. மூன்று நொடிக்குள் ஒரு குண்டு சுட வேண்டிய வேகப் பகுதியில் இப்படி நின்றால் மனம் முழுவதும் கருவியின் மீதே போய்விடுகிறது.

சொந்தமாக வாங்குவதற்கு இரண்டு வாய்ப்புகள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, ஓய்வு பெறும் வீரர் ஒருவரிடமுள்ள பழைய வால்தர் ஜிஎஸ்பி. மற்றொன்று ரூகர் மார்க் 4. முதலாவதில் பாதுகாப்பு அமைப்புகள் குறைவு என்றும், இரண்டாவதில் அவை தாராளமாக உண்டு என்றும் ஒரு நண்பர் சொன்னார். வீட்டில் சிறு பையன் இருப்பதால் அந்தப் பேச்சு என்னை யோசிக்க வைக்கிறது. இத்தகைய பிஸ்டல்களை நீண்ட நாள் வைத்திருப்பவர்கள், எது தடையின்றி ஓடுகிறது, எந்தப் பாதுகாப்பு அமைப்பு நடைமுறையில் பயன்படுகிறது என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

---

நொய்யல்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். என்னிடம் இருப்பது மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) டிரிகருக்கு (விசைக்கு) முன்னால் அமைந்த ஐரோப்பியப் போட்டிப் பிஸ்டல். பிஸ்டலின் பெயரைப் பேசுவதற்கு முன் தோட்டாவைப் பேச வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு தடைகளில் முதலாவது பெரும்பாலும் தோட்டாவிலிருந்தும், இரண்டாவது அழுக்கிலிருந்தும் வருவன.

.22 தோட்டாவில் தீப்பற்றும் கலவை நடுவில் இல்லை; அடிப்பகுதியின் விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. தயாரிக்கும்போது ஈரமான கலவையை உள்ளே இட்டு, கூட்டைச் சுழற்றி விளிம்புக்குள் ஒதுக்குகிறார்கள். அது எங்கேனும் ஓரிடத்தில் பரவாமல் விட்டுப்போய், ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அந்த இடத்திலேயே அடித்தால் தோட்டா வெடிக்காது. எனவே அடுத்த முறை வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போட்டுவிடாமல், ரேஞ்ச் ஆபீசர் (சுடுதளத்தை மேற்பார்வையிடும் அதிகாரி) அனுமதித்த பின் அதன் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். தழும்பு ஆழமாகவும் தெளிவாகவும் இருந்தால் குற்றம் தோட்டாவினுடையது. அதே தோட்டாவைச் சற்றுத் திருப்பிப் போட்டுச் சுட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். தழும்பு நகத்தால் கீறியது போல மேலோட்டமாக இருந்தால், பின்னின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) முழுமையாக உட்காராததால் அடியின் பாதி வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கலாம். உங்கள் கிளப் பிஸ்டலில் இந்த இரண்டாவது வகைதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பலர் கைமாறிச் சுடும் பிஸ்டலின் சேம்பரைத் துலக்குவது யார் பொறுப்பும் அல்லாமல் போய்விடுகிறது.

இந்தத் தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகு அல்லது கொழுப்பு பூசியிருப்பார்கள். சுடச்சுட அந்த மெழுகும் ஈயத்தூளும் எரியாத மருந்தும் சேர்ந்து சேம்பரின் முன்பகுதியில் வளையமாகப் படிகின்றன. பெரும்பாலான .22 போட்டிப் பிஸ்டல்களில் போல்ட்டைப் பூட்டும் அமைப்பு கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன, கூடு பின்னால் தள்ளுவதுதான் அதைத் திறக்கிறது. கூடு அழுக்கு வளையத்தில் ஒட்டிக்கொண்டால் போல்ட் முழுத் தூரம் பின்வாங்காது, காலிக் கூடு வாயிலேயே மாட்டிக்கொள்ளும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தாலும் இதே விளைவு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏர் பிஸ்டலிலிருந்து வருபவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம்.

ஏர் பிஸ்டல்காரர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு: தோட்டா இல்லாமல் வெறுமனே டிரிகரை இழுத்துப் பழகுவது. ஏர் பிஸ்டலில் அதற்கென்றே தனி அமைப்பு இருப்பதால் தொல்லை இல்லை. .22 பிஸ்டல்கள் பலவற்றில், குறிப்பாகப் பழையவற்றில், பின்னின் முனை சேம்பரின் உதட்டையே போய் அடிக்கும். அடிபட்ட இடத்தில் இரும்பு பிதுங்கிச் சிறு முள்ளாக நிற்கும். அதன் பிறகு நுழைகிற ஒவ்வொரு தோட்டாவின் பித்தளையிலும் ஒரே இடத்தில் நீளவாட்டில் கோடு விழும். பழைய பிஸ்டல் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். விற்பவர் சொல்லாததைக் காலிக் கூடு சொல்லிவிடும். பயிற்சிக்குப் போலித் தோட்டாவைப் பயன்படுத்துங்கள். அல்லது உங்கள் மாடலின் கையேடு வெறும் டிரிகரை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவின் வேகம் பற்றி ஒரு சொல். போட்டிப் பிஸ்டல்கள் நொடிக்கு ஏறத்தாழ 320 முதல் 330 மீட்டர் வரை செல்லும் சாதாரண வேகத் தோட்டாவுக்கு ஏற்ற ஸ்பிரிங்குடன் வருகின்றன. அதிவேகத் தோட்டா போட்டால் தடை குறையும் என்று சிலர் சொல்வார்கள். போல்ட் பின்னால் மோதி மோதித் தேய்வதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஈலி, எஸ்கே, சிசிஐ ஆகிய தோட்டா நிறுவனங்களில் ஏதேனும் ஒன்றின் சாதாரண வேக வகையைத் தேர்ந்து, அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். மலிவானதும் விலையுயர்ந்ததுமாகக் கலந்து போட்டுவிட்டுப் பிஸ்டலைக் குறை சொல்வது நியாயமல்ல.

கடைசியாக, நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் நுண்ணிய புழுதி வருகிறது. எண்ணெய் அதிகம் பூசிய போல்ட்டில் அது பசையாகிவிடும். ஆனி, ஆடியில் ஈரம். பஞ்சு வைத்த பெட்டிக்குள் பிஸ்டலை மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் பஞ்சே ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வரவழைக்கும். எண்ணெயைத் துளி அளவாகவும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லைத் தாராளமாகவும் வையுங்கள்.

---

மீனாட்சிபுரத்தான் எழுதியது:

மேலே ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். பாதுகாப்பு அமைப்புகள் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மார்க் 4 வாங்குவதாக இருந்தால் அதன் தயாரிப்புக் காலத்தை முதலில் விசாரியுங்கள். 2017 ஜூன் 1ஆம் தேதிக்கு முன் தயாரானவற்றை நிறுவனமே திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. சேஃப்டி நெம்புகோல் பூட்டிய நிலைக்கும் சுடும் நிலைக்கும் நடுவில் நிற்கும்போது டிரிகரை இழுத்தால், அப்போது வெடிக்காமல் இருந்துவிட்டு, பிறகு நெம்புகோலைச் சுடும் நிலைக்குத் தள்ளும்போது வெடிக்க வாய்ப்பு இருந்ததே அதற்குக் காரணம். இந்தியாவுக்கு வந்து கைமாறிய பிஸ்டல் அந்தத் திருத்தத்தைப் பெற்றதா என்பதை வரிசை எண்ணைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மேகசினைக் கழற்றினால் டிரிகர் வேலை செய்யாத அமைப்பும், சேம்பரில் தோட்டா இருப்பதை வெளியே காட்டும் சிறு நெம்புகோலும் சில மாடல்களில் உண்டு. அதே நிறுவனத்தின் மார்க் 3இல் இரண்டும் இருந்தன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மேகசினைக் கழற்றியதும் ‘இனிப் பயமில்லை’ என்று கை தானாகத் தளர்ந்துவிடுவதை நான் விரும்புவதில்லை. சேம்பரில் ஒரு தோட்டா அப்படியே இருக்கும். மேகசினை எடுத்து, பிறகு போல்ட்டைப் பின்னிழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் விரல் நுனியாலும் தொட்டுப் பார்த்து, ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைச் செருகுவதுதான் முறை. சர்வதேசப் போட்டிகளில் அந்தக் கொடி கட்டாயம். அது எந்த நெம்புகோலையும்விட நம்பகமானது, விலையும் அற்பம்.

ஜிஎஸ்பி போன்றவை 1968 முதல் போட்டிக்கென்றே உருவாகி வந்தவை. அவற்றில் அஞ்ச வேண்டியது சேஃப்டியின் குறைவை அல்ல. முந்தைய உரிமையாளர் டிரிகரைத் திருகித் திருகி மெல்லிதாக்கியிருப்பதை. உள்ளே கொக்கிகள் பிடிக்கும் அளவு மிகக் குறைந்துவிட்டால் பிஸ்டல் மேசையில் தட்டினாலே விடுபடலாம், ஒரே இழுப்பில் இரண்டு குண்டும் போகலாம். 1000 கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள். உங்கள் பிரிவுக்கு அதுதான் குறைந்தபட்ச அளவு. மார்க் 4 என்றால் பார்வை நீளம் (முன், பின் குறிகளுக்கு இடையிலான தூரம்) 220 மில்லிமீட்டருக்குள்ளும், குழல் 153 மில்லிமீட்டருக்குள்ளும் அடங்குகிறதா என்பதையும் அளந்துவிடுங்கள்.

---

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் நன்றி. விளிம்புத் தழும்பைப் பார்க்கும் யோசனை எனக்குப் புதியது, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன். ஒரு துணைக் கேள்வி: போட்டியின் நடுவே பிஸ்டல் நின்றால் உடனே போல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு தொடரலாமா, அல்லது கையை உயர்த்த வேண்டுமா? கிளப்பில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

---

பழைய ரேஞ்ச் ஆபீசர் எழுதியது:

கையை உயர்த்துங்கள் அம்மா. பிஸ்டலின் வாய் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், பிடியை விடக்கூடாது, மற்றக் கையை உயர்த்தி அதிகாரியை அழைக்க வேண்டும். போல்ட்டையோ சேஃப்டியையோ நீங்கள் தொட்டுவிட்டால், உண்மையிலேயே கருவியின் கோளாறாக இருந்தாலும் அது அனுமதிக்கப்படாத கோளாறாகிவிடும். சுடாத குண்டு உங்கள் கணக்கில் பூஜ்யம். சேஃப்டியை விடுவிக்க மறந்தது, மேகசினில் குறைவாகத் தோட்டா இட்டது, முந்தைய குண்டுக்குப் பிறகு டிரிகரை முழுவதும் முன்னால் விடாதது ஆகியவையும் அதே கணக்குதான். கூடு மாட்டிக்கொண்டது, தோட்டாவில் அடி விழுந்தும் வெடிக்காதது, குண்டு குழலுக்குள் நின்றுவிட்டது ஆகியவை அனுமதிக்கப்பட்டவை.

விதியைவிட முக்கியமான காரணமும் இருக்கிறது. வெடிக்காத தோட்டா சற்றுத் தாமதித்து வெடிப்பது அரிது, ஆனால் நடக்கும். அந்நேரம் போல்ட்டைத் திறந்திருந்தால் பித்தளைத் துண்டு முகத்தை நோக்கி வரும். பயிற்சியில் அரை நிமிடமாவது வாயை இலக்கை நோக்கி வைத்துக் காத்திருங்கள். கண்ணாடி எப்போதும் முகத்தில் இருக்கட்டும். வழக்கத்துக்கு மாறாக மெலிதான ‘பட்’ என்ற ஓசை கேட்டு, தாளில் துளையும் இல்லை என்றால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. பிஸ்டலை வெறுமையாக்கி, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றது. உள்ளே நின்ற குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டு உப்பிப்போன குழல்களைப் பார்த்திருக்கிறேன்.

---

நொய்யல்கரை எழுதியது:

ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். தனியாரிடம் வாங்குவதானால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி விற்பவர் தம் எண்ணத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாட்களாவது கடந்திருக்க வேண்டும். அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். உங்கள் உரிமம் கேரளத்தில் பெற்றது என்றால், அதன் செல்லுபடி எல்லையில் தமிழ்நாடும் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளப் பிஸ்டலில் சுட்டவரை அந்தக் கவலை உங்களுக்கு இருந்திருக்காது, சொந்தப் பிஸ்டலைப் பையில் வைத்துக்கொண்டு வேலந்தாவளத்தைத் தாண்டும்போது இருக்கும்.

இரண்டில் எது என்று கேட்டால், அந்த வீரர் கூடவே இன்னொரு ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி), இரண்டு மேகசின் தருவதாக இருந்தால் ஜிஎஸ்பி என்பேன். ஆயுதத்தின் பாகமும் சட்டப்படி ஆயுதமாகவே கருதப்படுவதால் வெளிநாட்டிலிருந்து சாதாரணமாக அஞ்சலில் வரவழைக்க முடியாது. உதிரிபாகம் இல்லாமல் விற்பதானால் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள், அல்லது மார்க் 4ஐப் பாருங்கள்.